புது காரின் கனெக்டெட் வசதிகள்: புக்கிங் முதல் விற்பனை வரை சந்தாவைக் கையாளும் முழு வழிகாட்டி

நடுத்தர விலைக் கார்களில் மேல் வேரியன்ட் எடுத்தால் இன்று உள்ளே ஒரு சிம் இருக்கும். காரைக் கம்பெனி சர்வரோடும் உங்கள் போனிலுள்ள ஆப்போடும் இணைப்பது அதுதான்; அப்படிக் கிடைப்பவையே ‘கனெக்டெட்’ வசதிகள். ஹூண்டாயில் ப்ளூலிங்க், கியாவில் கியா கனெக்ட், டாடாவில் ஐரா, மஹிந்திராவில் அட்ரினாக்ஸ், மாருதியில் சுசுகி கனெக்ட், எம்ஜியில் ஐ-ஸ்மார்ட் என்று பெயர்கள்தான் வேறு, ஏற்பாடு ஒன்றுதான். முதலில் சில காலம் இலவசம், பிறகு சந்தா. ‘எனக்கு வேண்டாம், அதைக் கழித்து விலை சொல்லுங்கள்’ என்று கேட்டாலும் நடக்காது. கருவியின் விலை ஏற்கெனவே வேரியன்ட் விலைக்குள் போய்விட்டது.

இது சொந்த உபயோகத்துக்கு கார் வாங்குபவர்களுக்கானது. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். 2-வது படியை புக்கிங்குக்குப் பிறகு செய்தால் பயனில்லை. 6-வது படியை ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால், அதற்காகவே திரும்ப சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கார் யார் பெயரில் பதிவாகப் போகிறதோ அவருடைய மொபைல் எண், தினமும் பார்க்கும் மின்னஞ்சல், ஆதார், பான். இவை நான்கும் அதே ஒருவருடையதாக இருக்கட்டும். அப்பா பெயரில் கார், மகன் நம்பரில் ஆப் என்று தொடங்கும் கணக்குகள்தான் பின்னாளில் அதிகம் சிக்குகின்றன.

ஆதாரிலும் பானிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்றிருப்பது நம் ஊரில் சகஜம். காரிலுள்ள சிம்முக்கும் உங்கள் மொபைல் சிம்மைப் போலவே அடையாளச் சரிபார்ப்பு உண்டு. அதில் இருக்கும் பெயரும் பதிவுக்குக் கொடுக்கும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் ஆக்டிவேஷன் ‘பெண்டிங்’ என்றே கிடக்கும். புக்கிங் ஃபார்மிலேயே ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. வசதிகளை மூன்றாகப் பிரியுங்கள்

பிரோஷரில் ‘60-க்கும் மேற்பட்ட கனெக்டெட் வசதிகள்’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்தப் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். ஒவ்வொரு வசதியும் எந்த வழியாக வேலை செய்கிறது என்று கேட்டு மூன்று பத்தியாக எழுதுங்கள்.

முதல் பத்தி, காருக்குள்ளேயே முடிபவை. டயர் காற்றழுத்தம் காட்டுவது, ரிவர்ஸ் கேமரா, குரூஸ் கன்ட்ரோல், கேமராவும் ரேடாரும் சேர்ந்து இயக்கும் ஏடாஸ் (ஓட்டுநர் உதவி) எச்சரிக்கைகள். இவற்றுக்கு சிம் தேவையில்லை.

இரண்டாவது, உங்கள் போன் வழியாகப் போகிறவை. ஆண்ட்ராய்ட் ஆட்டோ, ஆப்பிள் கார்ப்ளே, ப்ளூடூத் அழைப்பு, பாட்டு, கூகுள் மேப்ஸ். டேட்டா உங்கள் போனுடையது. கார் கம்பெனியின் சந்தா முடிந்தாலும் இவை நிற்காது.

மூன்றாவதுதான் கம்பெனி சர்வர் வழியாகப் போகிறவை. தூரத்திலிருந்து ஏசி போடுவது, கதவைப் பூட்டுவது, கார் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது, நீங்கள் குறித்த எல்லையைக் கார் தாண்டினால் எச்சரிக்கை, காரின் சொந்த மேப்பில் வரும் டிராஃபிக் நிலவரம், அவசர உதவிக்கான எஸ்ஓஎஸ் பட்டன், திருடு போனால் எஞ்சினை முடக்குவது. சந்தா என்று பேசுவதெல்லாம் இந்தப் பத்தியைப் பற்றித்தான்.

ஒரே தகவல் இரண்டு பத்தியிலும் வரலாம். டயர் காற்றழுத்தம் மீட்டரில் தெரிந்தால் முதல் பத்தி, ஆப்பில் தெரிந்தால் மூன்றாவது. பிரோஷர் இரண்டையும் தனித்தனி வசதியாக எண்ணிக் காட்டும். பிரித்து எழுதினால் 60 என்பது எவ்வளவு சீக்கிரம் சுருங்குகிறது என்று பாருங்கள்.

நான்காவதாக ஒரு வகையும் உண்டு: பொருள் காருக்குள் இருக்கும், மென்பொருள் பூட்டியிருக்கும். 2022-ல் பிஎம்டபிள்யூ தென்கொரியாவில் சூடேறும் சீட்டுக்கு மாதச் சந்தா கேட்டு, எதிர்ப்பு வலுத்து, 2023-ல் அந்த யோசனையைக் கைவிட்டது. ஃபோக்ஸ்வாகன் 2025-ல் பிரிட்டனில் ஐடி.3 மின்காரின் கூடுதல் பவருக்கு மாதம் 16.50 பவுண்டு அல்லது ஒரேயடியாக 649 பவுண்டு என்று விலை வைத்தது. நம் பக்கத்தில் இதைப் பழக்கியவை கார்களல்ல, ஸ்கூட்டர்கள். ஓசூரில் தயாராகும் ஏதரில் ‘ப்ரோ பேக்’ வாங்காவிட்டால் சில வசதிகள் திறக்காது. நீங்கள் பார்க்கும் காரில் இப்படி ஏதாவது இருந்தால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பாகத்துக்கே மறுபடி காசு கேட்பார்கள் என்பதால் இதில்தான் அதிகக் கறாராக இருக்க வேண்டும்.

2. அந்த வேரியன்ட்டின் உண்மை விலையைக் கணக்கிடுங்கள்

கனெக்டெட் வசதி உள்ள வேரியன்ட்டுக்கும் அதற்குக் கீழுள்ள வேரியன்ட்டுக்கும் எக்ஸ்-ஷோரூம் விலை வித்தியாசத்தை மட்டும் பார்ப்பது பொதுவான தவறு. சாலை வரியும் அதன் மேல்தான் ஏறுகிறது.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாறிய விகிதப்படி, பெட்ரோல், டீசல் கார்களுக்கு 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம் ஆயுள் வரி. 9.90 லட்சத்துக்கு வரி 1,28,700 ரூபாய். மேல் வேரியன்ட் 10.10 லட்சம் என்றால் 1,81,800. விலையில் 20,000 ரூபாய்தான் வித்தியாசம். வரியில் மட்டும் 53,100 ரூபாய் கூடுகிறது. போதாததற்கு 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அதையாவது வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். சாலை வரி போனது போனதுதான். உங்கள் கார் 10 லட்சக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இந்தக் கணக்கைப் போடாமல் புக் செய்யாதீர்கள்.

அடுத்தது கடன். சந்தாவை நீட்டிக்கும் பேக்கேஜை ஆன்-ரோடு விலையோடு சேர்த்து லோனில் போட்டுவிடலாம் என்பார்கள். 3 ஆண்டுச் சந்தாவை 7 ஆண்டுக் கடனில் போட்டால், சந்தா முடிந்த பிறகும் 4 ஆண்டுகள் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். சந்தா எதுவானாலும் தனியாகக் கையிலிருந்து கட்டுவதே சரி.

புதுப்பிப்புத் தொகையைக் கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். சேவைக்கு 18 சதவீதம் என்பதால் 3,000 என்று சொன்னது பில்லில் 3,540 ஆகும்.

3. ஷோரூமில் எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள்

விற்பனைப் பிரதிநிதி வாயால் சொல்வது எதுவும் பிறகு நிற்காது. பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை. சந்தா முடிந்தால் என்ன ஆகும் என்று அவருக்கே யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஷோரூமின் மின்னஞ்சலுக்குக் கேள்விகளை அனுப்பி, பதிலையும் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். வாட்ஸாப் என்றால் பிரதிநிதியின் சொந்த நம்பர் வேண்டாம், ஷோரூமின் வணிகக் கணக்கில் கேளுங்கள்.

முதல் கேள்வி: இலவசக் காலம் எந்தத் தேதியிலிருந்து? இன்வாய்ஸ் தேதியா, ஆர்சி தேதியா, நீங்கள் ஆப்பில் முதலில் நுழைந்த தேதியா? இன்வாய்ஸ் தேதி என்றால் ஆக்டிவேஷன் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் உங்கள் கணக்கில்தான் கழியும்.

இரண்டாவது: சந்தா முடிந்ததும் மூன்றாவது பத்தியில் எவை நிற்கும், எவை தொடரும்? குறிப்பாக எஸ்ஓஎஸ் பட்டன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31-க்குப் பின் வந்த புது மாடல்களில் ஈகால் அவசர அழைப்பு கட்டாயம். அதற்கு சந்தா வாங்கக் கூடாது. இங்கே அப்படி ஒரு பொது ஏற்பாடு சொந்தக் கார்களுக்கு இல்லை. அதனால் கூரையில் அந்தச் சிவப்பு பட்டன் இருப்பதைப் பார்த்து, அது என்றைக்கும் வேலை செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது: சந்தாவைச் சில மாதம் விட்டுவிட்டுப் பிறகு சேர முடியுமா? முடியும் என்றால் சிம்முக்குத் திரும்ப அடையாளச் சரிபார்ப்பு வேண்டுமா, மறு-ஆக்டிவேஷன் கட்டணம் உண்டா?

நான்காவது: இரண்டாவது உரிமையாளருக்கு மீதமுள்ள இலவசக் காலம் போகுமா? விற்கும்போது இது பேரத்தில் உதவும்.

‘லைஃப்டைம்’ என்ற சொல் வந்தால் அது எத்தனை ஆண்டு என்று எண்ணில் எழுதித் தரச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற மொபைல் நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜியை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த பல கம்பெனிகளின் கார்களில் கனெக்டெட் சேவை அப்படியே அடங்கியது. கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆப் மட்டும் செத்துவிட்டது. கார் 15 ஆண்டு ஓடும். மொபைல் நெட்வொர்க்குக்கு அந்த ஆயுளை யாரும் உறுதி சொல்வதில்லை.

4. டெஸ்ட் டிரைவில் அடித்தளப் பார்க்கிங் சோதனை

டெமோ காரை சிக்னல் இல்லாத அடித்தளப் பார்க்கிங்குக்குக் கொண்டு போங்கள். பெரிய மால்களில் தரைக்குக் கீழே இரண்டாம் தளம் போதும். உங்கள் போனின் ப்ளூடூத்தையும் வைஃபையையும் அணையுங்கள்.

இப்போது குரல் கட்டளை கொடுங்கள்: ஏசியைக் குறை, சன்ரூஃபைத் திற, ரேடியோவை மாற்று. கேட்டால் அது காருக்குள் முடியும் வசதி. ‘நெட்வொர்க் இல்லை’ என்று சொன்னால் சர்வரைச் சார்ந்தது, சந்தா முடியும் நாளில் அதுவும் போக வாய்ப்புண்டு. காரின் சொந்த மேப்பில் ஓர் ஊரைத் தேடுங்கள். ஆஃப்லைனில் தேடத் தெரிந்தால் நல்லது.

1-வது படியில் பிரோஷரைப் பார்த்துப் பிரித்தீர்களே, அந்தத் தாளை இந்தச் சோதனையை வைத்துத் திருத்துங்கள். ஐந்து நிமிட வேலை. சிக்னல் நன்றாக இருக்கும் ஷோரூம் வாசலில் வைத்து டெமோ காட்டினால் எல்லாமே வேலை செய்யத்தான் செய்யும்.

தூரத்திலிருந்து ஏசி போடும் வசதி வேண்டும் என்றே மேல் வேரியன்ட் எடுப்பவர்கள் நிறைய. அந்த வசதி நீங்கள் எடுக்கும் எஞ்சின்-கியர் சேர்க்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் ஆட்டோமேட்டிக் கியருக்குத் தருவதை மேனுவலுக்குத் தருவதில்லை. டெமோ கார் பெரும்பாலும் டாப் வேரியன்ட் ஆட்டோமேட்டிக்காகத்தான் இருக்கும். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

5. புரோஃபார்மா இன்வாய்ஸை வரி வரியாகப் படியுங்கள்

புக்கிங் பணம் கட்டும் முன் பிரித்து எழுதிய புரோஃபார்மா (முன்கூட்டிய விலைப் பில்) வாங்குங்கள். எக்ஸ்-ஷோரூம், ஆயுள் வரி, பதிவு, இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டேக் ஆகியவை இருக்கும். அவற்றுக்கு வெளியே ‘கனெக்ட் பேக்’, ‘ஸ்மார்ட் கேர்’, ‘எசென்ஷியல் கிட்’ என்று ஏதாவது இருந்தால், அது கம்பெனி வசூலிப்பதா, டீலர் சேர்த்ததா என்று கேளுங்கள்.

இந்த வித்தியாசம்தான் முழு விஷயமும். கம்பெனி எல்லா வாடிக்கையாளருக்கும் கட்டாயமாக்கியது என்றால் உங்களுக்கு இருப்பது அந்த காரை வாங்குவது, விடுவது என்ற இரண்டே வழி. ஜெனரல் மோட்டார்ஸ் 2022-ல் அமெரிக்காவில் ப்யூக், ஜிஎம்சி கார்களுக்கும் காடிலாக் எஸ்கலேடுக்கும் 1,500 டாலர் மதிப்புள்ள 3 ஆண்டு ஆன்ஸ்டார் (அதன் கனெக்டெட் சேவை) திட்டத்தை இப்படித்தான் விலையோடு கட்டாயமாகச் சேர்த்தது. டீலர் சேர்த்தது என்றால் மறுக்கலாம். ‘சிஸ்டத்தில் எடுக்க முடியாது’ என்பது வழக்கமான பதில். அதை எழுதித் தரச் சொன்னாலே பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

இலவசக் காலம் முடியும் முன்பே ‘இப்போதே 5 ஆண்டுக்குக் கட்டினால் தள்ளுபடி’ என்பார்கள். இந்தக் கட்டத்தில் கட்ட வேண்டாம். உங்களுக்கு எந்த வசதி உண்மையில் பயன்படும் என்று இன்னும் தெரியாது. அது தெரியத்தானே இலவசக் காலம்.

6. டெலிவரி நாளில் ஆக்டிவேஷன்: இந்த வரிசையில்

மாலையும் எலுமிச்சையும் ஒரு பக்கம் நடக்கட்டும். சாவி வாங்கும் முன் இதை முடித்தாக வேண்டும். டெலிவரி முடிந்துவிட்டால் அங்கே உங்கள் வேலைக்கு அவசரம் காட்ட யாரும் இருக்க மாட்டார்கள்.

முதலில் காரை வெட்டவெளியில் நிறுத்தச் சொல்லுங்கள். காரை ஒப்படைக்கும் இடம் (டெலிவரி பே) பெரும்பாலும் ஷீட் கூரைக்குக் கீழே அல்லது அடித்தளத்தில் இருக்கும். காருக்குள் சிம் இருக்கும் டெலிமேட்டிக்ஸ் பெட்டிக்கு 4ஜி சிக்னலும் ஜிபிஎஸ்ஸும் கிடைக்க வேண்டும். கூரைக்குக் கீழே அரை மணி நேரம் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வட்டம் வெளியே வந்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

இரண்டாவது, ஆப்பை உங்கள் போனில் நீங்களே நிறுவி, உங்கள் மொபைல் எண்ணுக்கு வரும் ஓடிபியை நீங்களே போடுங்கள். ஊழியர் ‘சார், போனைக் கொடுங்க, நானே முடிச்சிடறேன்’ என்பார். அவசரத்தில் தன்னுடைய மின்னஞ்சலையோ ஷோரூமின் பொது மின்னஞ்சலையோ போட்டு முடித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படி ஆனால் காரின் முதன்மைக் கணக்கு உங்களிடம் இல்லை. கார் எங்கே நிற்கிறது என்று வேறொருவர் பார்க்கலாம். மாற்றுவதற்கோ நீங்கள் ஆர்சியோடு கம்பெனிக்கு எழுதி நிற்க வேண்டும்.

மூன்றாவது, காரைச் சேர்ப்பது. சில கார்களில் திரையில் வரும் க்யூஆரை ஸ்கேன் செய்தால் போதும். மற்றவற்றில் 17 எழுத்து வின் எண்ணை (காரின் அடையாள எண்) தட்ட வேண்டும். அதில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. ஓ போலத் தெரிவது பூஜ்யம், ஐ போலத் தெரிவது ஒன்று. ‘வாகனம் கிடைக்கவில்லை’ என்று வரும் பிழைகளில் பெரும்பகுதி இதுதான்.

நான்காவது, பின் நம்பர். வண்டி எண்ணின் நான்கு இலக்கத்தையோ பிறந்த ஆண்டையோ வைக்காதீர்கள். இந்த நம்பர் தெரிந்தவர் கதவைத் திறக்கலாம்.

ஐந்தாவது, ஊழியர் பக்கத்தில் இருக்கும்போதே நான்கு சோதனை: ஆப்பிலிருந்து பூட்டித் திறப்பது, ஹார்ன், இருப்பிடம் காட்டுவது, எஸ்ஓஎஸ் பட்டனை அழுத்திக் கட்டுப்பாட்டு அறையிடம் ‘புது டெலிவரி, சோதனை அழைப்பு’ என்று சொல்வது. எஸ்ஓஎஸ் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆப்பில் சந்தா முடியும் தேதி தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 3-வது படியில் வாங்கிய மின்னஞ்சலோடு ஒப்பிடுங்கள்.

‘உள்ளே இருக்கும் சிம்மை எடுத்துவிட்டு என் சிம்மைப் போட முடியாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. அது பலகையிலேயே பதிந்த இ-சிம். இயந்திரங்களுக்கென ஒதுக்கிய 13 இலக்க எண்ணில் இயங்குவது. முன்கூட்டியே குறித்த இணைப்புகளுக்கு மட்டும் போகும்படி கட்டுப்படுத்தப்பட்டது.

7. முதல் வாரம்: சம்மதங்களைத் திருத்துங்கள்

ஆக்டிவேஷன் அவசரத்தில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று வரிசையாக அழுத்தியிருப்பீர்கள். இப்போது நிதானமாக ஆப்பின் பிரைவசி பக்கத்துக்கும் கார்த் திரையின் பிரைவசி பக்கத்துக்கும் போங்கள். இரண்டும் தனித்தனி, ஒன்றில் அணைத்தால் மற்றதில் அணையாது.

சேவை ஓடத் தேவையான சம்மதம் ஒன்று, விளம்பரத்துக்கும் மூன்றாம் தரப்புக்குமான சம்மதம் இன்னொன்று. பின்னதை அணையுங்கள். ‘டிரைவிங் ஸ்கோர்’ போன்றவற்றில் சேரும் முன் அந்த மதிப்பெண் யாருக்குப் போகிறது என்று படியுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் ஆன்ஸ்டார் ஸ்மார்ட் டிரைவர் என்ற பெயரில் சேர்த்த தகவல் தரவு நிறுவனங்கள் வழியாக இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வரை போனது 2024-ல் வெளியானது. சில கார்களின் இருப்பிடம் மூன்று விநாடிக்கு ஒருமுறை பதிவானது என்றது அந்நாட்டு வர்த்தக ஆணையம். இங்கேயும் 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ ஓட்டும் தூரத்தையும் விதத்தையும் வைத்து பிரீமியம் கணக்கிடும் துணைக் காப்பீட்டை அனுமதித்திருக்கிறது. குறைவாக ஓட்டுபவருக்கு அது லாபமாகவும் இருக்கலாம். ஆனால் அது நீங்கள் தெரிந்து சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

குடும்பத்தில் யார் யாருக்கு அணுகல் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். முதன்மைக் கணக்கு வைத்திருப்பவர் கார் போகும் இடமெல்லாம் பார்க்க முடியும் என்பது ஓட்டும் மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிரைவர் வேலையை விட்டால் அன்றே அவருடைய துணைக் கணக்கை நீக்குங்கள்.

பெட்ரோல், டீசல் காரை மூடிய ஷெட்டில் நிறுத்துபவர்கள் தூரத்திலிருந்து ஏசி போடும் பட்டனைத் தொடவே கூடாது. ஏசிக்காக எஞ்சின் ஓடும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஷெட்டில் தேங்கி, கதவு வழியாக வீட்டுக்குள்ளும் வரும்.

8. ஓடிஏ அப்டேட் (நெட்வொர்க் வழியாக வரும் மென்பொருள் அப்டேட்)

இரவு 9 மணிக்குப் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று சமாதானமாக இருக்கும் நாளில் செய்யுங்கள், ஊருக்குக் கிளம்பும் காலையில் வேண்டாம். கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கான அப்டேட் ஓடும்போது காரை ஸ்டார்ட் செய்ய முடியாத மாடல்கள் உண்டு. 12 வோல்ட் பேட்டரி நன்றாக சார்ஜ் இருக்க வேண்டும் என்பதால், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்ததும் போடுவது நல்லது. பாதியில் பேட்டரி இறங்கினால் சர்வீஸ் சென்டர்தான் கதி.

அப்டேட் முடிந்ததும் பிரைவசி பக்கத்தை மறுபடி பாருங்கள். புது விதிமுறைக்குப் புதிதாகச் சம்மதம் கேட்டு, பழைய தேர்வுகள் மாறியிருக்கலாம்.

9. பல நாள் நிறுத்தி வைக்கும்போது

டெலிமேட்டிக்ஸ் பெட்டி கார் அணைந்த பிறகும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும். சில நாட்களில் தானாகத் தூங்கிவிடும். அதன் பிறகு ஆப்பில் எதை அழுத்தினாலும் ‘தொடர்பு கொள்ள முடியவில்லை’ என்று வரும். இது கோளாறு இல்லை. ஒருமுறை காரை ஸ்டார்ட் செய்தால் விழித்துக்கொள்ளும்.

பெரிய தவறு இதற்கு நேர்மாறானது. வெளியூரில் இருந்துகொண்டு ‘கார் பத்திரமா’ என்று நாளுக்கு நான்கு முறை ஆப்பைத் திறந்து ரிஃப்ரெஷ் செய்வது. ஒவ்வொரு முறையும் கார் எழுந்து பதில் சொல்லும், பேட்டரி இறங்கும். திரும்பி வந்து பார்த்தால் ஜம்ப் ஸ்டார்ட்தான்.

10. சந்தா முடியும் முன் 30 நாள்

இந்த 30 நாளில் மூன்றாவது பத்தி வசதிகளில் எதை எத்தனை முறை பயன்படுத்தினீர்கள் என்று போனில் குறித்து வாருங்கள். பலருக்கும் இரண்டு மிஞ்சும்: வெயில் காலத்தில் ஏசி, காரைப் பூட்டினோமா என்ற சந்தேகம். அந்த இரண்டுக்காக அந்தத் தொகை தகுமா என்பது உங்கள் முடிவு. தெருவில் நிறுத்துபவர்களுக்கும், வயதானவர் தனியாக ஓட்டும் வீட்டுக்கும் திருட்டுத் தடமறிதலும் எஸ்ஓஎஸ்ஸும் காசுக்குப் பெறும் என்பதே எங்கள் கருத்து. அடுக்குமாடிப் பார்க்கிங்கில் பாதுகாப்பாக நின்று, ஒருவரே ஓட்டும் காருக்கு விட்டுவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

திருட்டு வசதி பற்றி ஒன்று: எஞ்சினை முடக்கச் சொன்னால் கம்பெனி வழக்கமாகப் போலீஸ் புகார் நகலைக் கேட்கும். கார் போன பிறகு சந்தா கட்டிக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

புதுப்பிப்பதென்றால் ஓராண்டுக்கு மட்டும் கட்டுங்கள், ஆட்டோ-டெபிட் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், ஆப்பை நீக்குவதால் அது நிற்காது. வங்கியின் பக்கத்திலோ யுபிஐ ஆட்டோபே பட்டியலிலோ போய் ரத்து செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே எடுக்கலாம், கார் சந்தாக்கள் அந்த வரம்புக்குள்தான் வரும்.

விடுவதென்றால் சந்தாவை நிறுத்துவதோடு நில்லாமல், கணக்கை நீக்கக் கோரி எழுதுங்கள். சேவை நின்றாலும் பெட்டி காரில்தான் இருக்கிறது. தரவு போவதும் கூடவே நிற்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதுவரையிலும் எழுத்தில் கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

ஃபியூஸைப் பிடுங்கிவிடுவது என்று ஒரு யோசனை உலவுகிறது. சில கார்களில் அதே வழியில் மைக், ஸ்பீக்கர் எல்லாம் வரும். ப்ளூடூத் அழைப்பும் போய்விடும். வாரன்டியில் இருக்கும் காரில் செய்யவே வேண்டாம்.

11. விற்கும்போதும் பழைய கார் வாங்கும்போதும்

ஹெட் யூனிட்டில் (காரின் நடுத்திரை) ‘ஃபேக்டரி ரீசெட்’ கொடுத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதே இங்கே முதல் தவறு. அது திரையிலுள்ள தொடர்புகள், வீட்டு முகவரி, ப்ளூடூத் பட்டியலை மட்டுமே அழிக்கும். சர்வரில் காரின் உரிமையாளர் இன்னும் நீங்கள்தான். விற்று ஆறு மாதம் கழித்தும் பழைய சொந்தக்காரரின் ஆப்பில் கார் போகும் இடம் தெரிவது இதனால்தான்.

விற்பவர் செய்ய வேண்டிய வரிசை: ஆட்டோ-டெபிட் ரத்து, துணைக் கணக்குகளை நீக்குதல், ஆப்பில் ‘வாகனத்தை நீக்கு’, கடைசியில் ஹெட் யூனிட் ரீசெட். ரீசெட்டை முதலில் செய்தால் சில கார்களில் ஆப்பிலிருந்து நீக்கக் காரோடு தொடர்பு கிடைக்காமல் போகலாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போடும் அதே உட்காரலில் இதையும் முடித்து, நீக்கிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரால் ஏதாவது விவகாரம் வந்தால் அதுவும் ஓர் ஆதாரம்.

வாங்குபவர் மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் தன் ஆப்பில் வின் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். ‘வேறு கணக்கில் உள்ளது’ என்று வந்தால் விற்பவர் அங்கேயே நீக்கட்டும். புரோக்கரிடமோ யூஸ்டு கார் கடையிலோ வாங்கினால் பழைய உரிமையாளர் கைக்குக் கிடைக்க மாட்டார். அப்போது பெயர் மாறிய ஆர்சி, ஆதார் நகலோடு கம்பெனிக்கு எழுத வேண்டும். ஆர்சி மாறி வரும்வரை அந்தக் கணக்கு வேறொருவர் கையில் என்பதை மறக்க வேண்டாம். விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

12. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால்

இலவசக் காலம் குறைந்திருக்கிறது, மறுத்த பேக்கேஜ் பில்லில் இருக்கிறது, ஆக்டிவேஷன் வாரக்கணக்கில் ஆகவில்லை: மூன்றுக்கும் வழி ஒன்றுதான். முதலில் டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சல். அதில் இன்வாய்ஸ், 3-வது படியின் பதில், 6-வது படியின் ஸ்கிரீன்ஷாட். இருவருக்கும் சேர்த்து அனுப்பினால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது குறையும்.

பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்கறிஞர் இல்லாமலும் ஆன்லைனில் மனுப் போடலாம். ஆக்டிவேஷன் தாமதத்துக்குப் பணம் கேட்பதைவிட, கழிந்த நாட்களை இலவசக் காலத்தோடு கூட்டித் தரச் சொல்லுங்கள். சர்வரில் ஒரு தேதியை மாற்றும் வேலை என்பதால் அதற்குச் சீக்கிரம் ஒத்துக்கொள்வார்கள்.